எட்டாம் பகுதிக்கு மங்கையற்கரசி எழுதிய பதில்

மகாதேவா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று வாரமாக யாரும் சாப்பிடவில்லை. அங்கே பயணக் காப்புறுதி குடியேறியிருந்தது. மூன்று நிறுவனங்களின் விதிமுறைப் புத்தகங்கள், ஒரு சிவப்பு அடிக்கோல், சீவிய பென்சில்கள், மகாதேவா தம் கையாலேயே கோடு போட்டு வரைந்த ஒப்பீட்டு அட்டவணை. கணவனும் மனைவியும் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். போகிற பயணமோ எட்டே நாள், தைவானுக்கு. எட்டு நாளுக்கு மூன்று வாரமா என்று பினாங்கிலிருந்து மகள் ரூபிணி போனில் கேட்டாள். விமான டிக்கெட் வாங்கும்போதே கணினியில் ஒரு சின்னக் கட்டத்தைத் தட்டினால் முப்பத்தெட்டு மலேசிய வெள்ளியில் முடிந்துவிடும் என்றும் சொன்னாள். மகாதேவா போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார். அவ்வளவு கோபம்.

கோபம் வரத்தான் செய்யும். அவருடைய அப்பா பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். மகாதேவாவும் தோட்ட அலுவலகத்தில் சின்னக் கிராணியாகச் சேர்ந்து, தலைமை எழுத்தராகி, ஓய்வு பெற்று, கோலசிலாங்கூரில் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிக்கொண்டு வந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இந்தக் கிராணிக் குடும்பங்களுக்கு நிலம் கிடையாது, கடை கிடையாது. இருந்ததெல்லாம் கையெழுத்து ஒன்றுதான். தான் நிரப்பிய ஒரு படிவமும் எந்தக் காலத்திலும் திரும்பி வந்ததில்லை, ஒரு பொய்யும் தன் பேனாவிலிருந்து இறங்கியதில்லை என்பது எழுபத்து நான்கு வயது மகாதேவாவின் பெருமை. அதை அவர் அடக்கி வாசிப்பதும் இல்லை.

அவருடைய இன்னொரு பெருமை மங்கையற்கரசி. அறுபது வயதில் முழங்கால் வலிக்கு நடக்கச் சொன்னார்கள் என்று புக்கிட் மெலாவத்தி மலையைச் சுற்றி நடக்கத் தொடங்கிய பெண், நடந்து நடந்து, மேலே இருக்கும் குரங்குகளே வழிவிட்டு ஒதுங்குகிற வேகத்தைப் பிடித்துவிட்டாள். யாரோ பார்த்து மூத்தோர் தடகளத்தில் சேர்த்துவிட்டார்கள். மாநிலப் போட்டியில் வேகநடையில் முதலிடம். அடுத்த ஆண்டு தேசியப் போட்டியில் இரண்டாமிடம். இப்போது அறுபத்தேழு வயதில், தைவானில் நடக்கும் மூத்தோர் போட்டிக்கு, ஐயாயிரம் மீட்டர் வேகநடைக்கு நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு போகப்போகிறாள். சட்டை வந்து சேர்ந்த அன்று மகாதேவா அதை இஸ்திரி போடுவதற்கு அவளை விடவில்லை. தானே போட்டார், மூன்று தரம்.

வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் அவருடைய பழைய சகா சாந்தனைப் பார்த்தால் பேச்சு இந்தப் பக்கம்தான் திரும்பும். சாந்தனும் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி. காலில் வீக்கம், நெஞ்சில் அடைப்பு, கையில் எப்போதும் ஒரு மருந்துப் பை. அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே மகாதேவா சொல்வார், எங்கட மனுசி கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து தலையிடிக்கு ஒரு பனடோல் விழுங்கினதில்லை என்று. சாந்தன் பெருமூச்சு விடுவார். பக்கத்தில் நிற்கும் மங்கையற்கரசி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சாமியைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

ஏனென்றால் அவள் இரண்டு வருடமாகத் தினமும் ஒரு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

கணுக்கால் சுளுக்குக்காக அரசாங்க கிளினிக்கிற்குப் போன அன்று தெரியவந்தது அது. தாதி கையில் பட்டையைச் சுற்றி அமுக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் பார்த்துவிட்டு, டாக்டரைக் கூப்பிட்டாள். இரத்த அழுத்தம். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் மாத்திரையை நிறுத்தக்கூடாது, நடப்பதையும் நிறுத்தக்கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வரும் வழியிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மங்கையற்கரசி நினைத்தாள். வாசலில் மகாதேவா அண்டை வீட்டுக்காரரிடம் அந்தப் பனடோல் கதையைச் சொல்லிக்கொண்டு நின்றார். அவள் நேரே உள்ளே போய்விட்டாள். அன்றைக்குச் சொல்லாதது மறுநாளும் சொல்ல வரவில்லை. அப்புறம் இரண்டு வருடம் ஓடிவிட்டது. மாத்திரைகள் அவளுடைய பழைய நடைச் சப்பாத்துப் பெட்டிக்குள் இருந்தன. அந்த மனுசர் வீட்டில் எதைத் துழாவினாலும் அந்தப் பெட்டியைத் துழாவ மாட்டார்.

சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். மகாதேவாவின் அண்ணியார் சிவகௌரி, பிரஷர் முற்றி, ஒருநாள் குசினியில் விழுந்தவர் எழும்பவேயில்லை. அதற்குப் பிறகு பிரஷர் என்ற சொல்லைக் கேட்டாலே அவர் முகம் மாறிவிடும். தெரிந்தால் மலைக்கு அனுப்ப மாட்டார், தைவானுக்கு நிச்சயம் அனுப்ப மாட்டார். அதைவிட அவளை அதிகம் வாட்டியது வேறொன்று. இத்தனை வருடம் ஊரெல்லாம் தூக்கிக் காட்டிய மனைவியை அவர் இனி எப்படிப் பார்ப்பார்? சாந்தனின் மருந்துப் பையைப் பார்ப்பதுபோல் பார்ப்பாரா? அறுபத்தேழு வயதில் இது சின்னப்பிள்ளைத்தனமான கவலைதான். ஆனாலும் கவலை கவலைதானே.

இப்படியிருக்கையில் மூன்றாவது வாரம் மகாதேவா வெற்றி பெற்றார். மகள் சொன்ன முப்பத்தெட்டு வெள்ளிக் காப்புறுதி எழுபது வயதுக்கு மேற்பட்டவரை ஏற்றுக்கொள்ளாது. மனைவியைத் தனியாகக் கடல் கடந்து அனுப்பும் எண்ணம் அவருக்கு இல்லை. வங்கி அட்டையோடு சும்மா கிடைக்கும் இரண்டாவது காப்புறுதி எல்லாம் தரும். ஆனால் முப்பத்தோராம் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரிகிற எழுத்தில், போட்டிப் பந்தயங்களில் கலந்துகொள்ளும்போது ஏற்படும் எதற்கும் பொறுப்பில்லை என்று போட்டிருந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று அவர் மேசையைத் தட்டி மனைவியைக் கூப்பிட்ட சத்தத்தில் அவள் தாளித்துக்கொண்டிருந்த கரண்டியோடு ஓடி வந்தாள். பந்தயத்துக்குப் போகிற ஆளுக்குப் பந்தயத்தை விட்டுவிட்டுக் காப்புறுதி தருகிறானாம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மூன்றாவது நிறுவனம்தான் வயதானவர்களையும் எடுக்கும், பொழுதுபோக்கு விளையாட்டுக்காரர்களின் போட்டியையும் எடுக்கும், முன்பிருந்தே உள்ள நோயையும் மறைக்காமல் சொன்னால் பார்த்து எடுக்கும். கேள்விகள்தான் கொஞ்சம் அதிகம். அதுவும் அவருக்குப் பிடித்திருந்தது. கேள்வி கேட்காமல் காசு வாங்குகிறவனை அவர் நம்புவதில்லை.

ஏஜெண்ட் நித்தியா ஈஜோக்கில் இருப்பவள். தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்து, ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் காப்புறுதி விற்பவள். எல்லாவற்றையும் டேப்லட்டிலேயே தட்டி முடித்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தாள். மகாதேவாவிடம் அது நடக்குமா? காகிதத்தில் கொண்டு வரச் சொன்னார். அவளும் அச்சடித்துக் கொண்டு வந்து இரண்டு படிவங்களைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த வீட்டில் படிவம் என்றால் ஒரு முறை உண்டு. மகாதேவா நிரப்புவார். மனைவி கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பார். அவள் வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, குறி இருக்கிற இடத்தில் போட்டுவிட்டுப் போவாள். வீட்டுக் கடன், மகளின் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், எல்லாமே அப்படித்தான் நடந்தன. அவருடைய அம்மாவுக்கும் அவருடைய அப்பா அப்படித்தான் குறி போட்டுக் கொடுத்தார். மங்கையற்கரசி படிக்காதவள் இல்லை. கலியாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் தோட்டத் தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தவள். இருந்தும் குறி போட்ட இடத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவள் பார்த்ததில்லை. அவர் எழுதியதைச் சரிபார்ப்பது அவரை நம்பாத மாதிரி ஆகிவிடும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நித்தியா வந்தாள். காப்பி வந்தது. மகாதேவா தம் படிவத்தையும் மனைவியின் படிவத்தையும் பெருமையோடு மேசையில் விரித்தார். எழுத்து ஒவ்வொன்றும் கோட்டில் உட்கார்ந்திருந்தது. மங்கையற்கரசி பேனாவை எடுத்துக் குறியைத் தேடினாள். குறிக்கு நேர் மேலே எட்டாம் பகுதி, உடல்நலம். பத்துக் கேள்விகள். பத்துக்கும் நேரே அவருடைய அழகான கையெழுத்தில், இல்லை, இல்லை, இல்லை என்று வரிசையாக இறங்கி வந்திருந்தது. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தோன்றியிருக்காது. தமக்கு எழுதியபோது கண் அறுவை சிகிச்சையிலிருந்து பல் பிடுங்கியது வரை தேதியோடு எழுதியிருந்த மனிதர், மனைவிக்கு மனப்பாடமாகவே எழுதிவிட்டார்.

நித்தியா கையெழுத்துக்கு முன்னால் வழக்கமாகச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"ஆன்ட்டி, இது நான் உங்ககிட்டயே கேக்கணும் லா, ரூல்ஸ் அப்படி. ஏதாச்சும் சீக்கு இருந்து, இதுல எழுதாம விட்டுட்டா, அங்க ஆஸ்பத்திரில படுத்தாலும் கம்பெனி ஒரு காசு கொடுக்காது. சரிதானே?"

அவள் கேட்டது மனைவியை. பதில் சொன்னது கணவர். கலியாணம் முடிந்த நாளிலிருந்து என்று தொடங்கி அந்தப் பனடோலை மறுபடியும் எடுத்துவிட்டார். நித்தியா மரியாதைக்குச் சிரித்தாள்.

மங்கையற்கரசி பேனாவைக் குறிக்கு நேரே கொண்டுபோனாள். போட்டுவிட்டால் போச்சு, ஒரு கையெழுத்து. எட்டு நாள் போய்விட்டு வந்துவிடலாம், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பத்து இல்லைகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தன்னைப் பற்றிய பயம் போய், அவரைப் பற்றிய பயம் வந்தது. அங்கே தனக்கு ஏதாவது ஆகி, யாராவது இந்தத் தாளை எடுத்து நீட்டி, நீங்கள் எழுதியதுதானே என்று அவரைக் கேட்டால்? ஐம்பது வருடம் பொய்யெழுதாத கை. அந்தக் கையால் அவள் ஒரு பொய்யை எழுத வைத்துவிட்டாள். அதற்குக் கீழே கையெழுத்து வேறு போட வேண்டுமா?

பேனாவைக் கீழே வைத்தாள்.

"இஞ்சருங்கோ. நீங்கள் எழுதினது பிழை. எனக்கு ரெண்டு வருசமாய்ப் பிரஷர் இருக்கு. ஒவ்வொரு நாளும் குளிசை போடுறன்."

மகாதேவா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு மனைவியின் படிவத்தை எடுத்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்க் கார் கழுவத் தொடங்கினார். கார் நேற்றுத்தான் கழுவியது. நித்தியா பாவம், ஆறிப்போன காப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாக, இது பெரிய விஷயம் இல்லை ஆன்ட்டி, மருந்தில் அடங்கியிருந்தால் டாக்டர் கடிதத்தோடு எழுதிக் கொடுங்கள், கம்பெனி பார்த்துச் சொல்லும் என்றாள். தன் அம்மாவும் இப்படித்தான் சர்க்கரையை மூன்று வருடம் மறைத்தார் என்றாள். புதிய படிவம் ஒன்றை வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் சோறு ஆறிப்போனது. மூன்று மணிக்கு அவர் உள்ளே வந்து மேசைக்கு முன்னால் நின்றார். கோபத்தில் அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. சத்தம் இன்னும் இறங்கிவிடும்.

"ஏன் மறைச்சனீர்? என்ர கையாலே பொய் எழுத வைச்சுப்போட்டீரே."

"நீங்கள் கேக்கேல்லை," என்றாள் மங்கையற்கரசி. சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியம். ஆனால் வாய் திறந்துவிட்டது, இனி மூடுவதாக இல்லை. "நாப்பத்தொரு வருசமாய் நீங்கள் குறி போட்டியள், நான் கையெழுத்துப் போட்டன். ஒரு நாளும் உமக்கு என்னவும் செய்யுதோ எண்டு கேக்கேல்லை. ஊர் முழுக்கப் பனடோல் விழுங்காத மனுசி எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சியள். அந்த மனுசியாய் இருக்கத்தான் மறைச்சனான். எனக்கு அது பெருமையாய் இருந்தது. அதை இழக்கப் பயமாய் இருந்தது."

மகாதேவா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவருடைய மனக்கண்ணில் அண்ணியார் விழுந்த குசினி வந்து போனது அவளுக்குத் தெரிந்தது. பந்தயம் வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் அதைச் சொல்வதற்குள் முந்திக்கொண்டாள். பிரஷர் அடங்கியிருக்கிறது என்றும், அடங்கியதே நடையால்தான் என்றும், நம்பாவிட்டால் டாக்டரையே வந்து கேட்கலாம் என்றும் சொன்னாள். தைவானுக்குத் தான் போவதாகவும், காப்புறுதிக்காரன் எடுக்காவிட்டாலும் போவதாகவும், ஆனால் பொய் சொல்லிவிட்டுப் போவதாக இல்லை என்றும் சொன்னாள். இவ்வளவு நீளமாக அவள் அவரிடம் எப்போது கடைசியாகப் பேசினாள் என்பது இருவருக்குமே நினைவில்லை.

அவர் அடிக்கோலை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு புதிய படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். பேனாவையும் தள்ளினார்.

"நீரே எழுதும்."

அவள் எழுதினாள். நாற்பத்தொரு வருடத்துக்குப் பிறகு எழுதுகிற முதல் படிவம். பாஸ்போர்ட் எண்ணில் ஒரு இலக்கத்தை விட்டுவிட்டு, அடித்து எழுதினாள். மகாதேவா அந்த அடித்தலைப் பார்த்து வலியில் கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் கையை நீட்டவில்லை. அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும், அதற்காகவே அவர்மேல் அன்பு பொங்கியது. எட்டாம் பகுதிக்கு வந்ததும் அவள் சப்பாத்துப் பெட்டியை எடுத்து வந்து, மாத்திரை அட்டையைப் பார்த்துப் பெயரையும் அளவையும் எழுதினாள். எப்போதிலிருந்து என்ற கேள்விக்குத் தேதி எழுதினாள். கீழே, மேலதிக விவரம் என்ற இடத்தில், இந்த இரண்டு ஆண்டுகளில் ஐயாயிரம் மீட்டர் நேரத்தை நாற்பத்தொரு நிமிடத்திலிருந்து முப்பத்தாறு நிமிடமாகக் குறைத்திருக்கிறேன் என்று ஒரு வரி சேர்த்தாள். அதை யாரும் கேட்கவில்லைதான். எழுதினால் என்ன? உண்மைதானே.

திங்கட்கிழமை கிளினிக்கிற்கு மகாதேவாவும் வந்தார், நோட்டுப் புத்தகத்தோடு. அங்கே அவளைத் தெரியாத ஆளில்லை என்பதைக் கண்டு திகைத்தார். எண் கொடுக்கும் இடத்திலிருந்த பையன் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். தாதி போட்டி எப்போது என்று விசாரித்தாள். உள்ளே இளவயது மலாய் டாக்டர், இரண்டு வருட அளவுகளையும் கணினியில் காட்டி, மகாதேவா கேட்ட பதினாறு கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். இந்த வட்டாரத்தில் பிரஷர் உள்ளவர்களிடம் தான் இந்த மாக்சிக்கை, மலாயில் அத்தை என்று அழைக்கும் மங்கையற்கரசியைப் பற்றித்தான் சொல்வதாகவும், மாக்சிக் மாதிரி நடந்தால் பாதிப் பேருக்கு மாத்திரை குறையும் என்றும் சொன்னார். பந்தயத்தில் நடக்கலாம் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். மகாதேவா கடிதத்தை வாங்கி, நின்ற இடத்திலேயே இரண்டு முறை படித்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து நித்தியா போன் செய்தாள். கம்பெனி ஒப்புக்கொண்டுவிட்டது. கொஞ்சம் கூடுதல் கட்டணம், ஆனால் பிரஷரும் சேர்ந்துதான், பந்தயமும் சேர்ந்துதான். மங்கையற்கரசிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகாதேவா, சரி, என்று மட்டும் சொல்லிவிட்டு மேசையிலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தார். அன்று இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர் அவளை விட்டு விலகவும் இல்லை, பழையபடி பேசவும் இல்லை. பயணம் கிடைத்துவிட்டது, பெருமை போய்விட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். கிடைத்ததே போதும் என்று மனதைத் தேற்றியும் பார்த்தாள். தேறவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கோயிலில் பூசை முடிந்து சாந்தன் தூணோரம் உட்கார்ந்து மருந்துப் பையைத் திறந்துகொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும், தைவான் காரியமெல்லாம் சரிதானே, உங்கட மனுசிக்கு என்ன குறை, பனடோல் கூடத் தொடாத ஆள் என்று அவரே எடுத்துக் கொடுத்தார். மங்கையற்கரசி வழக்கம்போல் தலைப்பைச் சரிசெய்துகொண்டு திரும்பப் போனாள். மகாதேவா தொண்டையைச் செருமினார்.

"அது நான் தெரியாமல் சொன்னது, சாந்தன். அவவுக்குப் பிரஷர் இருக்கு. ரெண்டு வருசமாய்க் குளிசை போடுறா. அதோடதான் ஐயாயிரம் மீட்டரை முப்பத்தாறு நிமிசத்தில நடக்கிறா." சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல் உயர்ந்தது. "நோயில்லாத ஆள் நடக்கிறதில என்ன பெருமை இருக்கு? டாக்குத்தர் இவவைச் சொல்லித்தான் மற்றவையைத் திருத்துறாராம். கடிதமே இருக்கு."

சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்தார். சாந்தன் கண்ணாடியைத் தேடினார். தேடி முடிக்கும் வரை பொறுக்காமல் மகாதேவா தாமே வாசிக்கத் தொடங்கினார், பிரஷர் அளவுகள் உட்பட ஒன்றையும் விடாமல். மங்கையற்கரசி இந்த முறை திரும்பிக்கொள்ளவில்லை. அவர் முழுதையும் வாசித்து முடிக்கும் வரை நிமிர்ந்து நின்று கேட்டாள்.